காப்பர் பெப்டைட்: சீரம் சரி, ஊசி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. வயது 34. முகத்தில் பரு விட்டுச் சென்ற குழிகளும் கரும்புள்ளிகளும். சில மாதங்களாக காப்பர் பெப்டைட் சீரம் தடவுகிறார், சருமம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறது. ஜிம்மில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் 50 மில்லிகிராம் நீலப் பொடிக் குப்பி வாங்கி, 1 மில்லி தண்ணீரில் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் தினமும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார். போட்ட உடனே தீப்பட்டது போல எரிகிறது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்து இரண்டு நாள் நிற்கிறது. எரிச்சலைக் குறைக்க வழி என்ன, தொடரலாமா, சீரத்தோடு வைட்டமின் சி சேர்க்கலாமா, அப்புறம் கடைசி வரியில், அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் இருக்கிறது, அதில் இதைத் தடவலாமா என்று ஒரு கேள்வி.

நான் மருந்தாக்கவியல் படித்து, சருமத்தில் தடவும் மருந்துகளைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவள். நேராகவே சொல்கிறேன். சீரத்தைத் தொடருங்கள், ஊசியை நிறுத்துங்கள். ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். நிறுத்தச் சொல்லிவிட்டு இப்போது வயிற்றில் இருக்கும் தடிப்புக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் போனால் உங்களுக்குப் பயனில்லை, அதையும் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது. 1973ல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு பெப்டைடை, அதாவது புரதத் துண்டைப் பிரித்தெடுத்தார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள், அதனால்தான் சுருக்கமாக ஜி.எச்.கே. இது செம்பைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும், அப்படிப் பிடித்ததும் நீல நிறமாகிவிடும். சீரம் பாட்டிலின் பின்பக்கத்தில் ‘காப்பர் ட்ரைபெப்டைட்-1’ என்று இருந்தால் அது இதுதான். 20 வயதில் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 200 நானோகிராம் இருப்பது 60 வயதில் 80 அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது பிக்கார்ட் தன் கட்டுரைகளில் தரும் கணக்கு. ‘குறைந்ததை ஊசியால் நிரப்பினால் இளமை திரும்பும்’ என்ற விற்பனைப் பேச்சு முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. வயதாக வயதாக உடம்பில் எத்தனையோ பொருட்கள் குறைகின்றன. குறைந்தது என்பதாலேயே அதைத் திருப்பி ஏற்றினால் நல்லது நடக்கும் என்று ஆகிவிடாது, அதைத் தனியாகச் சோதித்துக் காட்ட வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவுகள் நிஜமாகவே சுவையானவை. 1988ல் பிரான்சில் மக்கார் என்பவரின் குழு, தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இதைச் சேர்த்தபோது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தி கூடுவதைக் காட்டியது. ஜி.எச்.கே. என்ற அந்த மூன்றெழுத்து வரிசை கொலாஜன் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். காயம் பட்டு கொலாஜன் உடையும்போது அந்தத் துண்டு வெளியே வந்து, ‘இங்கே பழுது, வேலை ஆரம்பிக்கட்டும்’ என்று சுற்றியுள்ள செல்களுக்குச் சொல்லக்கூடும் என்பது அவர்களுடைய யோசனை. செம்புக்கும் இதில் சொந்த வேலை உண்டு. கொலாஜன் இழைகளையும் எலாஸ்டின் இழைகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற என்சைம் செம்பு இல்லாமல் இயங்காது. (செம்புச் சொம்புத் தண்ணீர் குடித்தால் இது கிடைக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்காது. அது வெறும் செம்பு, இந்தப் பெப்டைட் அதில் இல்லை.)

மனிதர்களின் முகத்தில் தடவிப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. வெயிலில் முதிர்ந்த சருமமுள்ள பெண்கள் 12 வாரம் க்ரீம் தடவியதில் நுண்கோடுகள் குறைந்து, தோல் கொஞ்சம் இறுகியது என்ற அளவுக்கு முடிவுகள் வந்தன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள், பெரும்பாலும் விற்பவர்களோடு தொடர்புள்ளவை. 2006ல் வெளிவந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. முகத்துக்கு கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் செம்புப் பெப்டைட் உள்ள பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு சீக்கிரம் குறைந்ததா, சுருக்கம் கூடுதலாகக் குறைந்ததா என்று புறவயமாக அளந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. தடவியவர்களுக்குத் திருப்தி மட்டும் கூடுதலாக இருந்தது. ஆகவே தடவும் காப்பர் பெப்டைடைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பாதுகாப்பானது, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், மிதமான பலன் தரலாம். ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைத் தோல் மருந்துக்கும் சன்ஸ்கிரீனுக்கும் இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில்கூட இது வராது.

இப்போது ஊசி. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் ஒன்றிலாவது மனிதருக்கு வயிற்றுக் கொழுப்பில் ஊசி போட்டார்களா? இல்லை. செல் வளர்த்த தட்டு, எலி, முயல், மனிதர்களின் தோலின் மேல் தடவிய க்ரீம், ஜெல், அவ்வளவுதான். ஊசி விற்பவர்கள் காட்டும் ‘முன் பின்’ படங்களும் கட்டுரைத் துணுக்குகளும் இந்தத் தடவும் ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கியவை. ‘4,000 மரபணுக்களைத் திருத்துகிறது’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிலையத்தின் தரவுத்தொகுப்பில் உள்ள செல் வரிசைகளின் தரவைக் கணினியில் அலசிச் சொன்னது. உங்கள் வயிற்றில் 2 மில்லிகிராம் போனால் முகத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. எவ்வளவு போடலாம், எத்தனை நாள் போடலாம் என்று இணையத்தில் சுற்றும் எண்கள் எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023ல், மருந்தகங்கள் தாங்களே கலந்து தயாரிக்கும் பொருட்களில் பாதுகாப்புக் கவலை உள்ளவை என்று ஒதுக்கிய பட்டியலில், ஊசியாகப் போடும் ஜி.எச்.கே.-காப்பரைச் சேர்த்தது. உடம்பு இதற்கு எதிராக நோயெதிர்ப்பு வினை காட்டக்கூடும், பெப்டைடோடு வரும் கலப்படத் துணுக்குகள் ஆபத்து, மனிதப் பாதுகாப்புத் தரவு போதவில்லை என்பவை அதற்கான காரணங்கள். தடவும் வகை அந்தக் கவலைக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து உங்கள் கையில் இருக்கும் குப்பி. ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். ‘99 சதவீதம் தூய்மை’ என்று ஒரு சான்றிதழும் கூடவே அனுப்பியிருப்பார்கள். அந்த எண் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவி சொல்வது. குப்பியில் உள்ள பெப்டைடில் எவ்வளவு சரியான பெப்டைட் என்று மட்டுமே அது சொல்லும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. எண்டோடாக்சின் இருக்கிறதா என்றும் சொல்லாது. எண்டோடாக்சின் என்பது செத்த பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கு, கொதிக்க வைத்தாலும் போகாது, கிருமியைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டி வந்துவிடும், ரத்தத்தில் கலந்தால் குளிரும் காய்ச்சலும் வரும். மருந்துக் கம்பெனியில் ஊசி மருந்தின் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தச் சோதனை கட்டாயம். சீரம் தயாரிப்பில் அது தேவையே இல்லை, ஏனென்றால் தோலின் மேலடுக்கு காவலுக்கு இருக்கிறது. ஊசி அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போகிறது. நீலமாக இருக்கிறதே, அசல்தானே என்று கேட்காதீர்கள், கரைத்தால் காப்பர் அசிடேட்டும் நீலம்தான், மயில்துத்தமும் நீலம்தான்.

சரி, ஏன் அப்படி எரிகிறது? காரணம் ஒன்று இல்லை, பல சேர்ந்து வருகின்றன. நீங்கள் 50 மில்லிகிராமை 1 மில்லியில் கரைத்திருக்கிறீர்கள், அது மிகக் கெட்டியான கரைசல். பெப்டைடின் பிடியிலிருந்து கழன்ற செம்பு அயனி கொஞ்சம் இருந்தாலும் அது திசுவை நேராக எரிச்சல்படுத்தும். தயாரிப்பில் மிஞ்சிய அமிலம், அசிடேட், கரைசலின் அமிலத்தன்மை எல்லாம் கூடச் சேரும். எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் என்று எழுதவில்லை. நம் மருந்துக்கடையில் ‘ஊசிக்கான தண்ணீர்’ என்று கேட்டால் கொடுக்கும் பிளாஸ்டிக் ஆம்பியூல் என்றால், அதில் உப்பும் இல்லை, கிருமியைத் தடுக்கும் பொருளும் இல்லை. உப்பில்லாத தண்ணீர் தோலுக்கடியில் போனாலே கரிக்கும். அதைவிட முக்கியம், அது ஒரே தடவை பயன்படுத்திவிட்டுக் கொட்ட வேண்டியது. அதில் கரைத்த குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்து வாரக்கணக்கில் ஊசி குத்தி எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குத்தும் உள்ளே கிருமிக்கு வழி. பல தடவை எடுப்பதற்கென்றே 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹால் கலந்த பேக்டீரியோஸ்டாட்டிக் தண்ணீர் இருக்கிறது, அதற்கும் திறந்த பிறகு 28 நாள்தான் கெடு. சிலருக்கு அந்த பென்சைல் ஆல்கஹாலே ஒத்துக்கொள்ளாது. இத்தனைக்கும் மேல் ஊசி சரியான ஆழத்துக்குப் போகாமல் தோலுக்குள்ளேயே நின்றுவிட்டால் கொசு கடித்த மாதிரி வெளிறிய புடைப்பு எழும்பும், எரிச்சல் இன்னும் கூடும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. இந்தியாவில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை கிடைக்கும். சிவப்பு மூடி போட்டது யு-40, ஆரஞ்சு மூடி போட்டது யு-100. அமெரிக்கர்கள் எழுதும் ‘4 யூனிட்’ கணக்கு எல்லாம் ஆரஞ்சு மூடிக்கு. உங்கள் கரைசலில் அது 0.04 மில்லி, அதாவது 2 மில்லிகிராம். அதே 4 யூனிட்டைச் சிவப்பு மூடியில் இழுத்தால் 0.1 மில்லி, 5 மில்லிகிராம். இரண்டரை மடங்கு. தெருமுனைக் கடையில் எதுவும் சொல்லாமல் கேட்டால் சிவப்பு மூடிதான் பெரும்பாலும் கைக்கு வரும். உங்கள் சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று இப்போதே போய்ப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், அவ்வளவு எரிந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

இப்போது இருக்கும் தடிப்புக்கு: சுத்தமான துணியில் ஐஸைச் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். தேய்க்கவோ நீவி விடவோ வேண்டாம். ஒத்தடம் என்று சூடு வைக்க வேண்டாம், சிவப்பு கூடும். அரிப்பு இருந்தால், ஏற்கெனவே செட்டிரிசின் சாப்பிட்டு ஒத்துக்கொண்டவர் என்றால் இரவு ஒரு 10 மில்லிகிராம் மாத்திரை போதும், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். குத்திய இடத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, எலுமிச்சை எதையும் பூசாதீர்கள். வீட்டில் கிடக்கும் பெட்டாமெத்தசோன் கலந்த க்ரீமை எடுத்து வயிற்றிலோ முகத்திலோ தடவுவதும் வேண்டாம், கிருமித்தொற்றாக இருந்தால் அந்த ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும். தடிப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாமலும் போகலாம், அதனால் சூட்டையும் வலியையும் இறுக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். தடிப்பு போன பிறகு கருமை சில மாதம் நிற்கும், நம் தோலில் அது சகஜம், சொறியாமல் விட்டால் தானாக மங்கும்.

போட்ட சில நிமிடத்தில் எரிந்து, அரை மணியில் அடங்கி, இளஞ்சிவப்பு வட்டம் ஒன்றிரண்டு நாளில் போனால் அது வெறும் ரசாயன எரிச்சல். ஒவ்வொரு தடவையும் தடிப்பு முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிடச் சீக்கிரமாக வந்தால், அல்லது பழைய ஊசி போட்ட இடங்களும் கூடவே எழும்பினால் அது ஒவ்வாமையின் அறிகுறி, இதோடு நிறுத்த வேண்டும், நீர்த்துப் போட்டுப் பார்க்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்றால் யோசிக்காமல் 108. இரண்டாம் மூன்றாம் நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனால், சூடு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அது சாதாரண பாக்டீரியாத் தொற்று, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றைப் பலரும் அறிவதில்லை, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். எல்லாம் ஆறிய பிறகு, மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலோ கழித்து, ஊசி போட்ட இடத்தில் வலி அதிகமில்லாத ஒரு கெட்டிக் கட்டி, மேலே ஊதா நிறம், மெதுவாக உடைந்து நீர் கசியும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியா இப்படிச் செய்யும். லேப்ராஸ்கோபி தழும்பில் இந்தத் தொற்று வந்து மாதக்கணக்கில் அலைந்தவர்களை நம் ஊர் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அமாக்ஸிசிலின் மாதிரி வழக்கமான மாத்திரைக்கு இது கேட்காது, திசுவை எடுத்து வளர்த்துப் பார்த்துத்தான் மருந்து தர முடியும், சிகிச்சை பல மாதம் போகும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் ‘இந்த இடத்தில் ஆன்லைனில் வாங்கிய ஊசி போட்டேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மாதங்கள் வீணாகும்.

நிறுத்தமாட்டேன் என்று முடிவு செய்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களை விட்டுவிட முடியாது. கரைசல் நீர்த்திருந்தால் எரிச்சல் குறையும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மெதுவாகச் செலுத்தினால் குறையும், ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்தினால் குறையும், தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி, தினமும் இடத்தை மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது ஊசி. கரைசல் தெளிந்த நீலத்திலிருந்து பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினால், கலங்கினால், துகள் மிதந்தால் கொட்டிவிடுங்கள். எரியாமல் இருக்க லிக்னோகைன் கலப்பது, சோடா பைகார்பனேட் கலப்பது எல்லாம் வேண்டாம், கரைசலின் காரத்தன்மை மாறினால் செம்பு வெளியே படியக்கூடும். பி.பி.சி.-157, டி.பி.-500 என்ற வேறு இரண்டு பெப்டைட்களையும் இதோடு ஒரே குப்பியில் கலந்து ‘குளோ’ என்று விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். செம்பு பக்கத்தில் இருக்கும் மற்றப் பெப்டைட்களையும் பிடிக்கும், ஆக்சிஜனேற்றமும் செய்யும், பல வாரம் ஒன்றாகக் கிடந்த பிறகு அந்தக் குப்பிக்குள் என்ன மிஞ்சியிருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. முகத்தில் நீங்களே குத்திக்கொள்வது எந்த நிலையிலும் கூடாது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் எரிச்சல்தான் குறையும். குப்பிக்குள் இருப்பது சுத்தமாகிவிடாது.

வில்சன் நோய் உள்ளவர்கள், அல்லது குடும்பத்தில் அந்த நோய் இருந்து தான் சோதித்துக்கொள்ளாதவர்கள் இந்த ஊசியை நினைக்கவே கூடாது. அவர்கள் உடம்பு செம்பை வெளியேற்றாது, கல்லீரலிலும் மூளையிலும் சேரும். மற்றவர்களுக்குச் செம்பின் அளவு பெரிய கவலை இல்லை, 2 மில்லிகிராமில் சுமார் 0.3 மில்லிகிராம்தான் செம்பு, ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானதே 0.9. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், முடித்தவர்கள், இந்தப் பொருள் புது ரத்தக்குழாய்களை வளர்க்கத் தூண்டும் தன்மை உள்ளது என்பதால், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சீரத்துக்கு வருவோம், இங்கே நல்ல செய்திதான். இரவில் முகம் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போது நாலைந்து சொட்டு, மேலே சாதாரண மாய்ஸ்சரைசர். வைட்டமின் சி என்று நீங்கள் சொல்வது எல்-அஸ்கார்பிக் அமில சீரம் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். அந்த அமிலத்தன்மையில் பெப்டைட் செம்பை விட்டுவிடும், விடுபட்ட செம்பு வைட்டமின் சியைக் கெடுத்துவிடும், இரண்டு பாட்டில் காசும் வீண். காலையில் வைட்டமின் சியும் அதன் மேல் சன்ஸ்கிரீனும், இரவில் காப்பர் பெப்டைட், அவ்வளவுதான். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களுக்கும் பென்சாயில் பெராக்சைடுக்கும் இதே விதி. ட்ரெட்டினாயின் போடுகிறவர் என்றால் ஓர் இரவு அது, மறு இரவு இது. நிறையத் தடவினால் நிறையப் பலன் என்று நினைக்க வேண்டாம். அளவு கூடும்போது பழைய கொலாஜனைக் கரைக்கும் என்சைம்களும் தூண்டப்படுகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் சிலர் முகம் தொய்ந்துவிட்டதாகப் புலம்புவதற்கு அது காரணமாக இருக்கலாம். தோல் தளர்ந்த மாதிரி, வறண்ட மாதிரி தெரிந்தால் சில வாரம் நிறுத்துங்கள். பாட்டிலை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

உங்கள் குழிகளை மட்டும் எந்தச் சீரமும் எந்தப் பெப்டைட் ஊசியும் நிரப்பாது. அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிடும் சப்சிஷன், நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர், ஆழமான சிறு குழிகளுக்குள் அமிலம் வைக்கும் டி.சி.ஏ. கிராஸ் என்று தோல் மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. குப்பிகளுக்குக் கொடுத்த பணத்தை அங்கே செலவழியுங்கள். கரும்புள்ளிக்கு அசெலாயிக் அமிலமும் தினசரி சன்ஸ்கிரீனும் நன்றாக வேலை செய்யும். வீட்டில் டெர்மாரோலர் உருட்டிவிட்டு அந்தத் துளைகளின் மேல் சீரம் தடவும் பழக்கம் பரவியிருக்கிறது, அது வேண்டாம். மைக்ரோநீட்லிங்கோடு தடவும் பொருளையும் சேர்த்ததால் முகத்தில் கட்டி கட்டியாக ஒவ்வாமை வந்த 3 பெண்களைப் பற்றி 2014ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். தோலின் மேல் இருக்கத் தயாரித்த பொருள் தோலுக்குள் போனால் இப்படி ஆகலாம்.

கடைசியாக அம்மாவின் கால். உங்கள் முகத்தைவிட இதுதான் அவசரம். காப்பர் பெப்டைட் ஜெல்லைக் கால் புண்களில் பயன்படுத்திப் பார்த்த வரலாறு உண்டு. 1992ல் வந்த ஓர் ஆய்வில் சிரை நோயால் வந்த கால் புண்களில் இதையும் சில்வர் சல்ஃபடயசின் க்ரீமையும் மருந்தில்லாத வெறும் க்ரீமையும் ஒப்பிட்டபோது, அந்த வெறும் க்ரீமைவிட இது சிறப்பாக எதுவும் செய்யவில்லை. 1994ல் சர்க்கரை நோய்ப் புண்களில் நம்பிக்கை தரும் முடிவு ஒன்று வந்தது. ஆனாலும் புண்ணை ஆற்றும் மருந்து என்ற அங்கீகாரம் வரைக்கும் அது போகவில்லை, புண்ணை ஈரமாக வைக்கும் ஜெல் என்ற அளவில் நின்றுவிட்டது. அதுவும் மருத்துவத் தரத்தில் தயாரித்த ஜெல், உங்கள் முக சீரம் இல்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் ஆறாமல் இருப்பதற்குக் காரணம் ரத்த ஓட்டம் குறைவு, மரத்துப்போன நரம்பு, நடக்கும்போது ஒரே இடத்தில் விழும் அழுத்தம், உள்ளே எலும்பு வரை போன தொற்று. மேலே எதைத் தடவினாலும் இந்த நாலும் அப்படியேதான் இருக்கும். கணுக்காலில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இறந்த தோலைச் சுத்தமாக வெட்டி எடுக்க வேண்டும், பாரம் விழாதபடி செருப்போ கட்டோ மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே. பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று நீரிழிவுப் பிரிவே இருக்கிறது, மாவட்டத்தில் இருந்தாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை சலைன் விட்டுக் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி, வெறுங்காலில் நடக்கவிடாமல் பாருங்கள். வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது. புண்ணிலிருந்து நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்று இரவே போய்விடுங்கள்.